தினமும் பார்த்த பக்கம்

அமெரிக்காவில் இருக்கும் அக்காவின் பிரசவத்துக்குள் அங்கே போய்விட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதற்காக அம்மாவின் பெயரில் அக்கா விண்ணப்பித்த குடியேற்ற விசாவின் நிலையை இணையத்தில் பார்த்துச் சொல்வது என் வேலை. தினமும் பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிவிட்டதும் அம்மா கேட்பார்: "என்னடா சொல்றாங்க?"

"பரிசீலனையில இருக்குதும்மா."

ஒருநாள் அக்கா போன் செய்தாள். "ஏதோ நினைவூட்டல் வந்துருக்குது. மெசேஜ் பக்கத்தைத் தொறந்து பாத்தியாடா?"

திறந்ததே இல்லை. அம்மாவின் பிறப்பு எங்கும் பதிவாகவில்லை. பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக உறவில் மூத்த இருவரின் உறுதிமொழிப் பத்திரம் கேட்டு, மூன்று மாதமாக ஒரு கடிதம் அங்கே கிடந்தது.

பத்திரம் வாங்கி அனுப்பினோம். அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பேத்தியை போனில் பார்த்த அம்மா திட்டவில்லை.

"தெனமும் பாத்தேன்னு சொன்னியேடா."

பார்த்தேன்தான், முதல் வரியை மட்டும். இப்போது அவர் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுகிறேன்.