மூன்று சென்டிமீட்டர் வரை

தேவம்மா மைசூர் நகரப் பேருந்தில் பதினான்கு ஆண்டுகளாக நடத்துநர். ஒரு நாள் விஜயநகர் நிறுத்தத்தில் ஏறியவரின் முகத்தில் பாதி தெரியவில்லை. இடது கண்ணில் ஏதோ கோளாறு என்று மருத்துவரிடம் போனார். விழித்திரையில் ரத்தக் குழாய்கள் சேர்ந்த ஒரு சிறு கட்டி இருந்தது.

"உங்க வீட்டுல யாருக்காவது கிட்னியில கட்டி வந்திருக்கா?" என்று கேட்டார் கண் மருத்துவர்.

கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தேவம்மாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னார். அப்பா நாற்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகத்திலும் புற்று வந்து இறந்தார். சித்தப்பா தலையில் கட்டி வந்து காலமானார். சொந்த ஊரான ஹனூரில் எல்லோரும் அதற்குப் போர்வெல் தண்ணீர்தான் காரணம் என்றார்கள்.

ரத்தப் பரிசோதனையில் வி.எச்.எல். என்ற மரபணுவில் பழுது இருப்பது தெரிந்தது. மரபணு மருத்துவர் அஷ்வினி நிதானமாக விளக்கினார்.

"பாருங்க, தேவம்மா, இந்த மரபணு கட்டி வளராம பாத்துக்கிறது. எல்லாருக்கும் ரெண்டு பிரதி உண்டு, அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. உங்களுக்குப் பிறக்கும்போதே ஒண்ணு கெட்டுருக்கு. கிட்னியில ஏதோ ஒரு செல்லுல இன்னொண்ணும் கெட்டுப்போனா, அந்தச் செல் தனக்கு ஆக்சிஜன் பத்தலைன்னு நினைச்சுக்கும். புது ரத்தக் குழாய்களை வரவழைச்சு வளர ஆரம்பிச்சுடும்."

ஸ்கேனில் தேவம்மாவின் இடது சிறுநீரகத்தில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கட்டி தெரிந்தது.

"எப்ப எடுப்பீங்க?"

"இப்ப வேண்டாம். மூணு சென்டிமீட்டர் வர்ற வரைக்கும் பரவுறது ரொம்ப அபூர்வம். உங்களுக்குப் புதுசு புதுசா வரலாம். ஒவ்வொண்ணுக்கும் கத்தி வெச்சா கிட்னியே மிஞ்சாது."

வயிற்றுக்குள் புற்றை வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறார்கள் என்று முதல் மாதம் அவருக்கு உறக்கம் வரவில்லை. கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டு மறுபடியும் வேலைக்குப் போனார். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன்.

அவருக்குக் குழந்தைகள் இல்லை. ஆனால் ஹனூரில் தம்பி மாரிசாமி இருந்தார். அதே பழுது அவருக்கும் இருக்கலாம் என்று தேவம்மா ஊருக்குப் போய் அவரிடம் சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமில்லீக்கா. மஞ்சக்காட்டுல நாள் பூரா நிக்கிறேன்."

"அப்பாவும் அப்படித்தான்டா நின்னாரு. ஒரு தடவை டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வா."

"என்ற பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கோணும். இது வெளிய தெரிஞ்சா எவன் வருவான்? இனி இந்தப் பேச்சே வேண்டாம்."

மாரிசாமியின் மகள் தமிழ்ப்ரியா மைசூரில் நர்சிங் மூன்றாம் ஆண்டு படித்தாள். தேவம்மா அவளிடம் எதையும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் மேசை மேலிருந்த ஸ்கேன் அறிக்கையைத் தானே படித்துவிட்டாள்.

"அத்தை, அப்பா டெஸ்ட் பண்ணிட்டாரா?"

"இல்ல."

அடுத்த வாரமே அவள் அஷ்வினியைப் பார்த்து ரத்தம் கொடுத்தாள். மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. அதே பழுது அவளுக்கும் இருந்தது.

அவள் அழவில்லை. கல்லூரி வராந்தாவிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"எனக்கு இருக்குதுப்பா. அத்தைக்கு இருக்கிற அதேதான். அது உங்க வழியாத்தான் எனக்கு வந்திருக்கும். நீங்க இனி ரத்தம்கூடக் குடுக்க வேண்டாம். நேரா ஸ்கேனுக்கு வாங்க."

"நீ சாப்பிட்டயா?" என்று மட்டும் கேட்டார் மாரிசாமி.

மறுநாள் காலை முதல் பேருந்தில் மாரிசாமி மைசூருக்கு வந்தார். வலது சிறுநீரகத்தில் நாலரை சென்டிமீட்டர் கட்டி. வலியோ, வேறு எந்த அறிகுறியோ இருந்ததில்லை. வேறெங்கும் பரவியிருக்கவில்லை. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் வெட்டி எடுத்தார்கள், சிறுநீரகம் தப்பியது. வார்டில் கண் விழித்தபோது அக்காவைப் பார்த்து, "என்னால புள்ளைக்கு வந்துருச்சேக்கா" என்றார்.

"அப்பாகிட்டருந்து நமக்கு வந்துச்சு. அவரு வேணும்னேயா குடுத்தாரு?" என்றார் தேவம்மா.

இது நடந்து இரண்டு ஆண்டு ஆகிறது. தமிழ்ப்ரியாவின் சிறுநீரகங்களில் இதுவரை எதுவும் இல்லை. ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள், ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறாள். தேவம்மாவின் கட்டி இரண்டு புள்ளி ஆறு சென்டிமீட்டர்.

போன மாதம் மாரிசாமி கொள்ளேகாலில் இருக்கும் சித்தப்பா மக்கள் வீடுகளுக்குப் பரிசோதனை முடிவுத் தாளை எடுத்துக்கொண்டு போனார். பெரியவன் வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டான். சின்னவன் தாளை வாங்கிப் படித்துவிட்டு, எங்கே போக வேண்டும் என்று கேட்டான்.