பெயின்ட் மின்னுற டேங்க்கும் படுத்துகினு இருந்த முள்ளும்

ஒரகடத்துல ஒரு கம்பெனி பெயின்ட் ஷாப்புல ரிச்சர்டுக்கு வேலை. ஊசிமுனை அளவுக்கு வெறும் இரும்பு தெரிஞ்சாலும் லைனை நிறுத்தச் சொல்லிக் கத்துற ஆளு. அப்பேர்ப்பட்டவன், வல்லம் வடகால்ல தன் வூட்டு வாசல்ல நிக்கிற பழைய அம்பாசிடர்கிட்ட மூக்கறுபட்டு நின்னான்.

போன வாரம் நடந்த கூத்து அப்படி. பெட்ரோல் முள்ளு பாதி டேங்க்னு காட்டிகினு இருக்க, சுங்குவார்சத்திரத்துல வண்டி நின்னுபோச்சு. டேங்க்ல சொட்டு இல்ல. பொண்டாட்டி ஜோவிதா பட்டுப்புடவையும் மல்லிப்பூவுமா நடுரோட்டுல நிக்கிறா; ரிச்சர்டு லைன் ஆளுங்க கம்பெனி பஸ்ஸு ஜன்னல்ல தலையை நீட்டி விசிலடிக்கிறானுங்க. மானமே போச்சு அவளுக்கு.

"முள்ளு உண்மையைச் சொல்ற வரைக்கும் இதுல கால் வெக்க மாட்டேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணுங்க, இல்லனா நயினாருக்குக் குடுத்துடுங்க"ன்னுட்டா. பழைய வண்டிங்களை வாங்கி விக்கிற நயினாரு அதுமேல எப்பவோ கண்ணு வெச்சாச்சு. ரிச்சர்டும் வாயை வெச்சுகினு சும்மா இல்லாம சரின்னுட்டான்.

டேங்க்கை எறக்கிப் பார்த்தான். பெட்ரோலோட ஏறி எறங்க வேண்டிய மிதவை, துருவுல சிக்கி நடுவுலயே நின்னுகினு இருந்துச்சு. அடச்சே, இவ்ளோதானா! துருவைக் கழுவி, புது மிதவை வாங்கி, டேங்க்குக்கு நல்லா கெட்டியா பெயின்ட் அடிச்சான். மொகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்ளோ மினுமினுப்பு.

மாட்டி, பெட்ரோல் ஊத்தி, சாவியைத் திருப்பினா முள்ளு காலின்னு படுத்துகினுது. மிதவையை வெளிய எடுத்து, அதோட தகட்டை வண்டி பாடியில வெச்சுக் கையால தூக்கினா முள்ளு ஜம்முனு ஏறுது. டேங்க்ல மாட்டினா மறுபடி படுத்துக்குது. இன்னாடா மாயம் இது? இன்னா காரணம்னு அவனுக்கு இப்போ தெரிஞ்சே ஆகணும்னு ஆயிடுச்சு. சோறு ஆறிப்போச்சு.

கூப்பிட வந்த ஜோவிதாவும் குந்திட்டா. "வெளிய இருக்கும்போது எதைத் தொட்டுகினு இருந்துச்சு?"

"பாடியை. கரண்ட்டு ஒயர்ல வந்து, வண்டி இரும்பு வழியாத்தான் திரும்பணும்."

"டேங்க்கும் இரும்புதானே?"

"இரும்புதான், ஆனா…" ரிச்சர்டு குனிஞ்சு டேங்க்கைப் பார்த்தான். இரும்பு எங்க தெரியுது? போல்ட்டு ஓட்டையைக்கூட விடாம பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கானே! கரண்ட்டு எந்த வழியாப் போவும்?

ஞாயித்துக்கெழமை, கோயில் பூசை முடிஞ்சதும் உப்புத்தாளை எடுத்தான். மிதவைத் தகடு உக்கார்ற எடம், டேங்க்கை வண்டியோட முடுக்குற எடம், எல்லாத்தையும் தேய்ச்சான். தன் கையால அடிச்ச பெயின்ட்டு! வெறும் இரும்பு பல்லைக் காட்டினதும் மாட்டி, சாவியைத் திருப்பினான். முள்ளு மெல்ல எழுந்து, கால் டேங்க்குக்கு வந்து நின்னுச்சு.

அந்த நேரம் பார்த்து, வண்டியைக் கேட்டு நயினாரு பைக்குல வாசல்ல வந்து நின்னாரு. ரிச்சர்டு கையைத் துடைச்சுகினு எழுந்தான். பின்னாடி கார் கதவு அறைஞ்சு சாத்துற சத்தம். முன் சீட்டுல ஜோவிதா.

"அண்ணே, இது விக்கிறதுக்கில்ல. ஏங்க, நேரா பங்க்குக்கு வுடுங்க. கால் டேங்க்தான் கீது."