வடக்குத்திலிருந்து வந்த இளவரசன்

சித்தப்பாவுக்கு உரக்கப் படித்தால்தான் மண்டையில் ஏறும். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை; தபால்வழி பி.ஏ. பரீட்சை பாஸ் செய்தால் எங்காவது பர்மனென்ட் ஆகிவிடலாம் என்று, மத்தியானங்களில் எங்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தில் மல்லாந்தபடி ரஷ்ய வரலாறு படிப்பார். பக்கத்தில் படுத்திருக்கும் எனக்கு அரைத் தூக்கத்தில் மாஸ்கோ வந்து போகும். பனியைப் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் படியும் அனல்மின் நிலையச் சாம்பலைத்தான் அந்த ஊர் முழுக்கத் தூவிக்கொண்டேன். மங்கோலியருக்குக் கப்பம் கட்டிய சிற்றரசர்களும், பிறகு முடிசூட்டிக்கொண்ட ஜார்களும் அதில் சத்தமில்லாமல் நடந்து போவார்கள்.

அந்தக் கோடையில் போலி இளவரசனின் கதை ஓடிக்கொண்டிருந்தது. சிறுவயதில் செத்துப்போன இளவரசன் நான்தான் என்று ஒருவன் படையோடு வருகிறான். கன்னிமடத்திலிருந்து தாயை அழைத்து வருகிறார்கள். எல்லோர் முன்னாலும் அவள் அவனைக் கட்டிக்கொண்டு, இவன் என் பிள்ளைதான் என்கிறாள். அவன் ஜாராகவே ஆகிவிடுகிறான். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா?

அப்போதுதான் தம்பியின் பூனை காணாமல் போயிற்று. வெள்ளைப் பூனை, ஒரு காது கிழிந்தது. ஆறு வயதுத் தம்பி சோற்றைத் தொடாமல் வாசலிலேயே கிடந்தான். பால் கொடுத்தால் பூனைக்கு வை என்பான். அம்மா கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் சமையலறையில் நின்று அழுதாள்.

ஒரு சாயங்காலம் சித்தப்பா பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து சைக்கிளில் கோணிப்பையோடு வந்தார்.

"ஆப்டுச்சுடா! முந்திரித் தோப்புல சுத்திக்கினு இருந்துச்சு" என்று அவிழ்த்துவிட்டார்.

வெள்ளைப் பூனைதான். இரண்டு காதும் முழுசாக இருந்தன.

"இது வேற பூனை. காதைப் பாருங்க" என்றேன்.

சித்தப்பா முழித்தார். "அது... ஆறிப்போயிருக்கும்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா தம்பியைப் பார்த்தாள். பிறகு பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நம்ம பூனைதான். எனக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாஸ்கோக்காரி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள், கேட்க நாதியில்லை.

தம்பி அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ரசம் ஊற்றினாள். அவள் எழுந்து உள்ளே போனதும், நான் தம்பியின் காதோரம் குனிந்து உண்மையைச் சொன்னேன்.

அவன் பூனையைத் தடவிக்கொண்டே, "தெரியும்க்கா. அம்மாகிட்ட சொல்லாத. பாவம், இதுதான்னு நம்பிக்கினு இருக்காங்க" என்றான்.

அந்த வீட்டில் அன்று ஏமாந்தது யார் என்று படுத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். ஒருவரும் அகப்படவில்லை.