கொடுவாச் செதில் ஸ்வெட்டர்

மூக்குப்பொடியை விடச் சொன்ன டாக்டர், சும்மா கிடக்கும் விரல்களை என்ன செய்வது என்று சொல்லவில்லை. ஒரு வாரம் காதைக் குடைந்தேன். பிறகு கம்பளி பின்னக் கற்றுக்கொண்டேன். யுத்த காலம், பட்டாளத்துக்குப் பின்னி அனுப்புவதற்கான ஆங்கிலப் புத்தகம் ஒன்று அடுத்த வீட்டில் கிடந்தது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்ற எனக்கு அதில் ஒரு வரியும் புரியவில்லை. படத்தைப் பார்த்தே பின்னினேன்.

அந்தச் சமயத்தில்தான் தில்லியிலிருந்து மாப்பிள்ளை கடிதம் போட்டார். ஜாகை கிடைத்துவிட்டது, பெண்ணை அனுப்பலாம், ஆனால் ஸ்வெட்டர் இல்லாமல் அனுப்ப வேண்டாம் என்று. கடைகளில் கம்பளி நூல் இல்லை. மார்கழிப் பனிக்கு அஞ்சி மயிலாப்பூர் ஆண்கள் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் மப்ளர் என்னிடம் மூன்று இருந்தன. மூன்றையும் பிரித்தேன். இரண்டு நீலம், ஒன்று வெள்ளை.

நீலத்தைப் பார்த்ததும் எனக்குள் கவி விழித்துக்கொண்டான். தினமும் நொச்சிக்குப்பம் கரையில் பார்க்கும் கடலையே பின்னிவிடுவதென்று முடிவு செய்தேன். அலைக்கு நீலம், நுரைக்கு வெள்ளை விளிம்பு. வரிசை வரிசையாக வளைவுகள். பாதி முதுகு ஆனதும் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, இதென்ன மீன் செதிலா?"

"அலை."

"அலையாவது! கொழந்தை மீனைச் சுத்திண்டு தில்லிக்குப் போகணுமா? நம்மாத்துல இதுக்கெல்லாம் இடமில்லை. பிரிச்சுடுங்கோ."

பிரித்தால் மறுபடி பின்ன நாள் இல்லை. புறப்பட எட்டே நாள். மூன்றாம் மனிதர் அபிப்பிராயம் கேட்கலாம் என்று கரைக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒருவர் வலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்தார்.

"இன்னா ஐயரே, கொடுவா மீனா? செதிலு சோக்கா வந்துகீது!"

"அலைப்பா, அலை."

"அலயா? பொறந்ததுலேந்து அலயதான் பாத்துக்கினு கீறேன். இந்த மாதிரி ஒண்ணு வந்ததில்ல." அப்புறம் துணியை வெளிச்சத்தில் பிடித்தார். "தோ பாரு, ஒரு கண்ணு வுட்டுட்டே. இப்டியே வுட்டா ஊரு போறதுக்குள்ள மொத்தமும் அவுந்துடும்."

வலையானாலும் ஸ்வெட்டரானாலும் நூல் வளையத்துக்குப் பெயர் கண்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நழுவிய கண்ணை அவரே விரலால் மேலே கொண்டுவந்து ஊசியில் மாட்டிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி ஸ்வெட்டரை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

"இப்போ வாசனையும் வரதே!"

பதில் சொல்ல நான் ஒரு சுலோகம் தேடிக்கொண்டிருந்தேன். பெண் முந்திக்கொண்டாள்.

"ஏம்மா, பெருமாளே மொதல்ல மீனாத்தானே வந்தார்? அவருக்கு ஆத்துல இடமில்லேன்னு சொல்லுவியா?"

மனைவி பூந்திக்கொட்டையை ஊறவைத்து ஸ்வெட்டரை இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்தினாள். பிரிக்கச் சொல்லவில்லை. எட்டாம் நாள் காலையில் கைகளையும் முடித்தேன். இடது கை சற்று நீளம்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். என் பெண் மட்டும் அந்தப் புழுக்கத்தில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வேர்த்து வழிய, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மனைவி கையை உள்ளே நீட்டி, காலரை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கழுத்துக்கு இன்னும் ரெண்டு செதில் போட்டிருக்கலாம்."