உதடு தெரிந்தால் போதும்

அப்பாவுக்குக் காது போனது மில்லில்தான். தறிக்கூடத்து இரைச்சலில் கத்திப் பயனில்லை என்பதால் அங்கே எல்லோரும் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. நாங்கள் சத்தமில்லாமல் வாயசைப்போம், அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்வார். அம்மாவுக்கு அவரைத் திட்ட வேண்டுமென்றால் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். எழுத்து அவருக்குக் கையெழுத்தோடு சரி. ஆனால் உதடு தெரிந்தால் போதும், கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பவர் பேசுவதையும் சொல்லிவிடுவார். புரியாவிட்டால் கேட்கக் கூச்சப்பட்டு "சரி, சரி" என்று தலையாட்டுவார்.

அம்மா இறந்த பிறகு அவர் குளியலறையில் அடிக்கடி விழ ஆரம்பித்தார். நானும் வீட்டுக்காரரும் காலையில் அரியாங்குப்பத்திலிருந்து கிளம்பினால் இருட்டித்தான் திரும்புவோம். பிள்ளைச்சாவடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். நல்ல இடம், கடல்காற்று வரும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன்.

கொரோனா வந்ததும் இல்லத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். பார்க்கப் போகக் கூடாது, போனில் முகம் பார்த்துப் பேசலாம் என்றார்கள். நான் வேலை செய்வது மருந்துக்கடையில். மாஸ்க் கிடைக்காமல் ஊரே அலைந்தபோது பெட்டி பெட்டியாக வாங்கி அனுப்பியவள் நான். ஒருநாள் போனில், அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் பெண் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு அவரிடம் ஏதோ சொல்வதைப் பார்த்துவிட்டேன். பிடித்துக் காய்ச்சினேன்.

"தாத்தாவுக்கு வாயப் பாத்தாதான்க்கா புரியுது" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? அவரு என் அப்பா. உசுரோட இருந்தா அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல மாஸ்க்க மேல ஏத்து" என்றேன்.

அதோடு விடாமல் மேலாளரிடமும் சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு அப்பா முன்னால் யாரும் வாயைத் திறந்து காட்டவில்லை. அந்தக் கட்டிடத்தில் அவரிடம் என்ன சொன்னாலும் சோறு, மாத்திரை, தூக்கம் என்று கையால் காட்டுவது மட்டும்தான். நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து போன் செய்து முகம் காட்டினால் பத்து நிமிஷம் பேச்சு. அவரும் ஒன்றைத்தான் கேட்பார்.

"வூட்டுக்கு எப்பம்மா இட்டுனு போவ?"

கொஞ்ச நாள் போகட்டும் என்று வாயசைப்பேன். அங்கேதான் பத்திரம் என்று உண்மையிலேயே நம்பினேன். எங்கள் வீட்டுக்குத் தினமும் நோய் வர வழி இருந்தது, நானே கடையில் காய்ச்சல்காரர்களுக்கு நடுவில் நின்றேன்.

இரண்டாவது அலையில் அந்த நம்பிக்கை போயிற்று. அவர் கூடத்திலிருந்து ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், திரும்பி வந்தவர்கள் குறைவு. சுருட்டி வைத்த மெத்தைகளை அப்பா எனக்குப் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அடுத்த கட்டில் தாத்தாவும் போய்விட்டார் என்று கேள்விப்பட்ட அன்று இரவே வீட்டுக்காரரிடம் பேசினேன். என்ன ஆனாலும் ஆகட்டும், கூட்டி வந்துவிடுவோம் என்றார்.

மறுநாள் காலை கடையில் கால் வைக்க இடமில்லை. இதைச் சொல்லச் சாயங்காலம் வரை பொறுக்க முடியாமல், ஆட்கள் நிற்கும்போதே போன் போட்டுவிட்டேன். திரையில் அப்பா வந்தார். முகம் வாடியிருந்தது. "ஞாயித்துக்கிழமை வர்றேன்ப்பா. வூட்டுக்குப் போயிடலாம்" என்றேன். அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். திரும்பவும் சொன்னேன். "சரி, சரி" என்று தலையாட்டினார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சீட்டை நீட்டிக்கொண்டு ஒருவர் அவசரப்படுத்த, போனை வைத்துவிட்டு மருந்து எடுக்கத் திரும்பினேன்.

பிற்பகல் டீ குடிக்கப் போனபோதுதான் காலையில் போட்ட மாஸ்க்கை இறக்கினேன். கிளாஸ் கையில் இருக்கும்போதே உறைத்தது. உடனே திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தது மேலாளர். அப்பாவுக்குக் காய்ச்சல், ஆம்புலன்சில் ஏற்றிவிட்டோம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்கவில்லை.

அவர் துணிமணிகளை வாங்க இல்லத்துக்குப் போனபோது அந்தப் பெண்தான் பையைக் கொண்டுவந்து தந்தாள். கடைசியாக நான் பேசியது அவருக்குப் புரிந்ததா என்று கேட்டேன். புரிந்தது என்று ஒரு பொய் சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது.

"பாப்பா இன்னா சொல்லுச்சுன்னு கேட்டாருக்கா. உங்க கடையில ஒரே சத்தமா இருந்துச்சா, எனக்கும் ஒண்ணும் கேக்கல. நீங்க எப்பவும் சொல்றதுதான இருக்கும்னு, இங்கயே இருக்கச் சொல்றாங்கன்னு கையால காட்டிட்டேன்."