அக்கா ஒதுக்கிப் பிடித்த கொடி

அக்காவின் கருமாதி முடிந்த மறுநாள் காலை, தோளில் பையோடு மலையூரான செம்மநத்தத்தை விட்டு நாகலூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். வயநாட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை தைக்கும் வேலை எனக்கு இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி, ஓட்டல், எஸ்டேட் என்று கிடைத்ததைச் செய்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன். ஓர் ஊரை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை. அன்று பார்த்தேன். முந்தைய நாள் அக்காவின் மகள் கேட்டது காதிலேயே நின்றிருந்தது.

"மாமா, அம்மாவோட மொளகுக் கொடியெல்லாம் இனிப் போயிருமுங்களா?"

பதில் சொல்லாமல்தான் கிளம்பி வந்திருந்தேன்.

அந்தக் கொடிகளை விட்டுவிட்டு இந்த முதலாண்டு நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுத முடியாது. அக்கா நாகலூர் எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்தவர். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திக் காப்பிப் பழம் பறிக்கப் போனார். எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு விவரம் தெரியாது. பசித்தால் அக்காவிடம் போக வேண்டும் என்பது மட்டும் தெரியும். செம்மநத்தத்தில் வாழ்க்கைப்பட்டார். மச்சானுக்குச் சொந்த நிலம் இல்லை. காப்பித் தோட்டம் மச்சானின் அண்ணன் பெயரில் இருந்தது. அவரைப் பெரிய மச்சான் என்போம். தோட்டத்தில் காப்பிக்கு நிழலாக சில்வர் ஓக் மரங்கள் நின்றன. பெரிய மச்சான் ஒரு நாள் வாய்வார்த்தையாகச் சொன்னார்: காப்பிக்கடியில் வருஷா வருஷம் களை எடுத்துவிடுங்கள், மரங்களில் மிளகு ஏற்றிக்கொள்ளுங்கள், காய்ப்பது உங்களுக்கு. மழை தொடங்கியதும் அக்காவும் மச்சானும் கொடித் துண்டுகளை நட்டு, நாரால் மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். கொடிகள் காய்ப்புக்கு வந்த சமயத்தில் மச்சான் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதன்பிறகு மிளகுதான் வீட்டை நடத்தியது. மகள் நர்ஸ் படிப்பு முடித்ததும் அதில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் பெரிய மச்சான் அந்த மரங்களைச் சேலத்து மர வியாபாரி ஒருவருக்கு விலை பேசினார். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுவார்கள். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. பாயும் அவருடைய ஆட்களும் பெயிண்ட் டப்பாவோடு வந்து மரத்துக்கு மரம் நம்பர் போட்டார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மரத்தை எண்ணுவதற்கும் இப்படி நம்பர் போடுவது உண்டு. அக்கா அப்படித்தான் நினைத்தார். பெயிண்ட் பட்டால் இலை கருகிவிடும் என்று பயந்து, கூடவே போய் ஒவ்வொரு மரத்திலும் கொடியை ஒதுக்கிப் பிடித்துக்கொடுத்தார். வந்தவர்களுக்கு டீயும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

வெட்டு ஆட்கள் வந்து இறங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. மரம் சாய்ந்தால் கொடியும் அதோடு போய்விடும். அப்போது நான் சேலத்தில் வேலையில்லாமல் இருந்தேன். வெட்டைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு அக்கா போன் செய்தார். இருவருமாகப் போய், ஏழைகளுக்குக் கட்டணமில்லாமல் சட்ட ஆலோசனை சொல்லும் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். எழுதி வைக்காத பேச்சும் ஒப்பந்தம்தான். அக்காவின் உழைப்புக்கு ஈடாக மிளகு. அதனால் அது இரக்கப்பட்டுக் கொடுத்தது ஆகாது. விற்கிறவருக்கே இல்லாத உரிமை வாங்குகிறவருக்குப் போய்ச் சேராது. ஆனால் பெரிய மச்சான் அப்படிப் பேசினார் என்பதைக் காட்ட வேண்டும். சும்மா இருந்ததை மட்டும் வைத்துச் சம்மதம் என்று சொல்லிவிட முடியாது. நம் செய்கையைப் பார்த்து அடுத்தவர் சம்மதம் என்று நம்பியிருந்தால்தான் சிக்கல். இந்த இடத்தில் அக்கா, கொடியைப் பிடித்துக்கொடுத்ததைச் சொன்னார். வக்கீலம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏம்மா புடிச்சீங்க?" என்று கேட்டார்.

காப்பி உலர்த்தும் களத்தில் எல்லோரும் கூடினோம். பாய் கோபப்படவில்லை.

"நான் யாரையும் ஏமாத்தலீங்கம்மா. மரத்துக்கு மரம் நீங்களே கொடியைத் தூக்கிப் புடிச்சீங்க. டீ வேற குடுத்தீங்க. நான் என்னன்னு நெனைக்கறது?"

"பெயிண்ட் படக் கூடாதுன்னு புடிச்சேனுங்க. வெட்டிக்கோங்கன்னு புடிக்கலீங்க."

பெரிய மச்சான் அன்று மிளகு தருவதாகச் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்ற பேச்சு வந்தது. மலை உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயிலில் போய் அக்கா சத்தியம் செய்யட்டும் என்றார் ஒருவர். அக்கா பெரிய மச்சானைப் பார்த்தார்.

"மலையேறிச் சத்தியம் எதுக்குங்க மாமா? சொன்னவரு நீங்க. நீங்களே சொல்லுங்க. நான் சொல்லலைன்னு நீங்க சொன்னா இப்பவே கொடியை அறுத்துப் போட்டர்றேனுங்க."

பெரிய மச்சான் களத்தில் கிடந்த காப்பிக் கொட்டையைக் காலால் புரட்டிக்கொண்டே இருந்தார். அவர் இல்லை என்றிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கடைசியில், "சொன்னேன்" என்றார்.

பாய் கொடி ஏறாத மரங்களை மட்டும் வெட்டிக்கொண்டார். "இனிமே நம்பர் போடற எடத்துல டீ குடிக்க மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா சிரித்துவிட்டார். பெரிய மச்சான் சிரிக்கவில்லை. அன்றோடு அக்காவிடம் பேசுவதை நிறுத்தினார். அக்கா களை எடுப்பதை நிறுத்தவில்லை. அவரும் கொடிப் பக்கம் கை வைக்கவில்லை. பேசிய பேச்சு அப்படியே நடந்தது. ஆனால் பேச்சில்லை. சேர்வராயன் திருவிழாவில் எதிரெதிரே வந்தால் அக்கா ஒதுங்கி நிற்பார், அவர் கடந்து போவார். நீ ஜெயித்துவிட்டாய் என்று நான் ஒருமுறை சொன்னபோது அக்கா அழுதார்.

சென்ற ஆண்டு மழையில் அக்காவுக்குச் சளி நெஞ்சில் கட்டி மூச்சு விட முடியாமல் போயிற்று. தகவல் தெரிந்து ஜீப் பிடித்து வந்தவர் பெரிய மச்சான்தான். முன்சீட்டில் உட்கார்ந்து, மலை இறங்கும் வரை பின்னால் திரும்பித் திரும்பி அக்காவிடம் பேசிக்கொண்டே வந்தாராம். அக்காவுக்கு அது கேட்டதா என்று ஜீப் டிரைவருக்கும் தெரியவில்லை. நான் சேலம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அக்காவுக்கு நினைவு தப்பியிருந்தது. மகள் கையைப் பிடித்தபடி இருக்க, விடிந்த கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார்.

அந்த ஜீப் டிரைவர், மழையில் நனைந்தபடி அக்காவைச் சுமந்து வந்த செம்மநத்தத்துக்காரர்கள், அடக்கத்துக்கு மலையேறி வந்து ஓரமாக நின்ற பாய், போனிலேயே அழுத வக்கீலம்மா, எல்லோருக்கும் இந்த மலரை அனுப்பியிருக்கிறோம். நன்றி என்று எழுதிவிட்டு இருந்துவிட மனமில்லை. உங்கள் வீட்டில் தூக்கவோ சுமக்கவோ ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்.

கருமாதிக்கு மறுநாள் அந்தக் காலையில், நாகலூர் பஸ் நிறுத்தத்தில் பெரிய மச்சான் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"கெளம்பிட்டியா சாமி?"

"ஆமாங்க மச்சான்."

"நான் பேசுனது உங்கக்காகிட்ட. அது களை எடுத்துது, மொளகு எடுத்துக்கிச்சு. இனிக் களை யாரு எடுக்கறது? எம் பையன் மரத்தை வித்தர்லாம்ங்கறான். நான் அவனுக்கு என்ன சொல்லட்டும்?"

ஒருவருடைய உழைப்பை நம்பிப் பேசியது அவரோடு முடிந்துவிடும், தொடர வேண்டுமானால் புதிதாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்று வக்கீலம்மா அன்றே சொல்லியிருந்தார். மகளுக்குச் சேலத்தில் ஆஸ்பத்திரி வேலை. பஸ் வந்து நின்றது. நான் பேசாமல் ஏறியிருந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"களை நான் எடுக்கறேனுங்க. மொளகு அக்கா புள்ளைக்கு. மரம் நிக்கோணும்."

"நீயா? ஒரு ஊர்ல ஒரு மழைக்காலம் முழுசா இருந்திருக்கறயா நீ?"

"இல்லீங்க. செரின்னு வாயால சொல்லுங்க மச்சான்."

பஸ் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செரி" என்றார்.

மறுநாள் காலை அக்காவின் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினேன். முதல் மரத்தில் கொடி கீழே சரிந்து களையோடு பின்னிக் கிடந்தது. ஒதுக்கிப் பிடித்தேன். பட்டையில் அன்று போட்ட நம்பர் வெளுத்துப்போய் இன்னும் தெரிந்தது. மேட்டில் பெரிய மச்சான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"களை வெட்டத்தான் ஒதுக்கறேனுங்க மச்சான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியுது. வெட்டு."