பாக்கு மட்டையில் இறங்கிய மலை

குற்றாலத்துக்கு எல்லோரும் சாரலுக்கு வருவார்கள். எனக்குப் பிடித்தது பங்குனி. அருவி பாறையில் ஈரக்கோடாக இளைத்திருக்கும், கடைகளைத் தட்டி வைத்து மூடியிருப்பார்கள், மேலே புல்மேடு காய்ந்து பித்தளை நிறத்துக்கு வந்திருக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் புல்லில் சறுக்கி இறங்கியவள் நான்.

பிள்ளைக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது மலையில் ஒரு தோட்டத்துக்குக் கிராம்பு பறிக்கப் போனேன். காலையில் தோட்டத்து ஜீப் எங்களை அடிவாரத்திலிருந்து மேலே கொண்டுபோய்விடும். சாயங்காலம் அதே ஜீப் கிராம்பு மூட்டைகளோடு இறங்கும். எங்களுக்கு இடம் கிடையாது. வளைந்து வளைந்து போகும் பாதையில் நடந்தால் ஒன்றரை மணி நேரம். பிறகு பஸ் பிடித்துக் குத்துக்கல்வலசை வீட்டுக்குப் போகவேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட என் மாமியார் ஒரே நிபந்தனைதான் போட்டிருந்தார். “விளக்கு வைக்கதுக்கு முன்ன நீ வாசல்ல நிக்கணும். இல்லைன்னா வேலை வேண்டாம்.” முதல் வாரத்திலேயே இரண்டு தடவை பிந்திவிட்டேன். “இன்னும் ஒருதரம் பாப்பேன்” என்றார்.

என்னோடு பறித்தவள் ஒருத்தி. வயது என் வயதுதான், வாய் என்னைப்போல் இரண்டு மடங்கு. அவள்தான் பாக்கு மட்டையைக் காட்டினாள்.

“ஏட்டி, காலையில மகாராணி மாதிரி ஜீப்புல ஏறுத. சாயங்காலம் பொதிக்கழுதை மாதிரி இறங்குத. இதுல உக்காரு.”

மட்டையை மத்தியானமே ஓடையில் ஊறப்போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதி வழியில் வெடிக்கும். அகலமான பக்கத்தில் உட்கார்ந்து, காம்பை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். குதிகால்தான் பிரேக். பனி ஈரத்தில் புல் நகரவிடாது; ஒரு பகல் வெயில் குடித்துவிட்டால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். நேற்றுப் போய்ப் புல் தேய்ந்த தடத்தில் இன்று போனால் மண் இடுப்பை அறையும். அதனால் ஒவ்வொரு நாளும் ஆள் படாத புல்லாகப் பார்த்துத் தேர்ந்துகொண்டோம். கீழே தென்காசிக் கோபுரம் தெரியும். அப்போது அது மொட்டையாகத்தான் நின்றது. அதை நேராகப் பார்த்துக்கொண்டு காலைத் தூக்கினால் போதும், மலை மீதியைப் பார்த்துக்கொள்ளும். நான் கத்தினேன் என்று அவள் சொன்னாள். எனக்குக் காற்று மட்டும்தான் கேட்டது.

அதன்பிறகு ஒருநாளும் பிந்தவில்லை.

ஒரு சனிக்கிழமை மூட்டை கட்டவில்லை. கங்காணி கூப்பிட்டார். “ஜீப்பு சும்மாதான் போவுது, எல்லாரும் ஏறுங்க.” மற்றவர்கள் ஏறினார்கள். எனக்குக் கால் அந்தப் பக்கம் போகவில்லை.

“அண்ணாச்சி, நாங்க முன்னால போயி உங்களுக்கு டீ சொல்லி வைக்கோம்” என்றாள் கூட்டாளி.

“எலும்பு பொறுக்க என்னையக் கூப்பிடாதிய” என்றார் அவர்.

அன்றைக்கு ஜீப் எங்களுக்குப் பின்னால்தான் வந்தது.

வீட்டில் பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமியார் என் முதுகுப்பக்கம் வந்து நின்றார். சேலையின் பின்புறம் முழுக்க ஒட்டுப்புல்.

“மலையில உக்காந்துக்கிட்டா இறங்குத?”

நேரத்துக்கு வருவதற்காக என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதோடு நிறுத்த மனம் வரவில்லை.

“ஆமா அத்தை. வெரசா வரத்தான் ஆரம்பிச்சேன். ஆனா இன்னைக்கு ஜீப்புல இடம் இருந்துச்சு. நான்தான் ஏறல.”

“ஏன்?”

“நல்லாருக்கு.”

அவர் உட்கார்ந்து ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

“விழுந்தியா?”

“இல்ல.”

“ஒருதரங்கூடவா?”

“ஒருதரங்கூட இல்ல.”

கடைசி ஒட்டுப்புல்லையும் பிடுங்கிவிட்டு அவர் விளக்கு ஏற்றப் போனார். திங்கட்கிழமை விடியற்காலையில் தன் பழைய சேலை ஒன்றைக் கையில் கொடுத்தார். பின்புறம் வரும் இடத்தில் சாக்குத்துணி வைத்துத் தைத்திருந்தது.

“நல்ல சேலையப் பாழாக்காத. விளக்கு வைக்கதுக்கு முன்ன வந்துரு.”

சாயங்காலம் புல்மேட்டில் அதைப் பார்த்துவிட்டுக் கூட்டாளி சிரித்த சிரிப்பு மலை முழுக்கக் கேட்டது. “ஒம் மாமியா ஒனக்குச் சேணம் கட்டில்லா அனுப்பியிருக்காவ.” அவள் சிரித்து முடிப்பதற்குள் நான் பாதி மலை இறங்கியிருந்தேன்.